விமானத்தை உடைத்த முதுகு

அந்தக் கேப்டனுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவரே வைத்துக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. அவர் விமானத்தைத் தரையில் இறக்கினால் பஞ்சு மூட்டையை மெத்தையில் வைத்தது போல இருக்குமாம். தரை தொட்டாயிற்றா இல்லையா என்று பயணிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்களாம். கம்பெனியின் தலைமை விமானி அவர். மற்ற விமானிகளுக்குப் பரீட்சை வைப்பவர் அவர். மென்மையான இறக்கத்துக்கான ஆண்டு விருதுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவரும் அவரே. அந்த விருதை ஆறு வருடமாக வாங்கிக்கொண்டிருப்பவரும் அவரே.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், அந்தப் பஞ்சு மூட்டை கருங்கல்லாக வந்து விழுந்தது.

பெரியக்கா அப்போது விமானத்தின் வால் பக்கம், கழிப்பறைச் சுவரோடு ஒட்டிய மடக்கு இருக்கையில் பட்டை மாட்டி உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருடமாக விமானப் பணிப்பெண். இளையவர்கள் எல்லோரும் பெரியக்கா, பெரியக்கா என்றே கூப்பிட்டு, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. தரை நெருங்கும்போது விமானம் மூக்கைத் தூக்கும். எத்தனையோ ஆயிரம் முறை அந்தத் தூக்கலை அவள் உடம்பு உணர்ந்திருக்கிறது. இந்த முறை தூக்கவில்லை. சக்கரங்கள் மோதின. விமானம் எகிறியது. ஒரு கணம் எல்லாம் அமைதியாக இருந்தது. அடுத்து இன்னும் பலமாக ஒரு மோதல். தலைக்கு மேல் பெட்டிக் கதவுகள் படபடவென்று திறந்துகொண்டன. எல்லா வரிசையிலும் பிராணவாயு முகமூடிகள் தொங்கின. பெரியக்காவின் முதுகுக்குள் ‘மளுக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

ஒலிபெருக்கியில் பஞ்சுவின் குரல் தேனாக வழிந்தது. “ஓடுபாதை ஈரமாக இருப்பதால், கையேட்டில் சொல்லியபடி சற்று உறுதியாக இறங்கியிருக்கிறோம்.” வெளியே ஓடுபாதையில் அனல் பறந்துகொண்டிருந்தது.

விமானம் தரையில் பலமாக மோதினால் விமானி அதைக் ‘கடின இறக்கம்’ என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளி இரண்டு நாள் அங்குலம் அங்குலமாகச் சோதிக்க வேண்டும். பஞ்சு ‘எல்லாம் நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொங்கிய முகமூடிகளை நாலு பேர் சேர்ந்து மறுபடி உள்ளே திணித்தார்கள். திணிக்க மறுத்தவற்றை ஒட்டு நாடா போட்டு அடக்கினார்கள். நாற்பது நிமிடத்தில் விமானம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. பெரியக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கம்பெனி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இடுப்புக்கு மேல ஒரு எலும்பு அப்படியே நசுங்கியிருக்கு. அழகா தெரியுது பாருங்க, மிதிச்ச பிஸ்கட் மாதிரி.” பேனாவை எடுத்தார். “எப்படி ஆச்சு?”

“லேண்டிங்ல சார்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “லேண்டிங்னு நான் எழுதினா அது கடின இறக்கம்னு ஆயிடும். கடின இறக்கம்னா விமானத்தை நிறுத்தணும். விமானத்தை நிறுத்தற அதிகாரம் எனக்கு எங்க இருக்கும்மா? நான் வெறும் டாக்டர். வீட்டுல வழுக்கி விழுந்தீங்களா?”

“இல்ல சார்.”

“விழுந்திருக்கலாம், இல்ல?”

“நான் விழலை சார். விமானம்தான் விழுந்துச்சு.”

“அப்போ பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், கடின இறக்கம் நடந்துச்சுன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. அது வர்ற வரைக்கும் உங்க எலும்பு நல்லாத்தான் இருக்கு.”

பாதுகாப்புப் பிரிவின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. ‘கடின இறக்கம் இன்றி 4,112 நாட்கள்’ என்று எழுதியிருந்தது. தினமும் காலையில் ஒரு ஊழியர் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றுவார். மொத்தப் பிரிவும் வரிசையாக நின்று கை தட்டும். பிறகு நெஞ்சில் கை வைத்துப் பாதுகாப்பு உறுதிமொழி எடுப்பார்கள். பெரியக்கா போன நேரம் உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. அவளும் நெஞ்சில் கை வைத்தாள். நேராக நிற்க முடியவில்லை. உறுதிமொழியின்போது வளைந்து நின்றதாக ஒருவர் குறித்துக்கொண்டார்.

பொது மேலாளர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்கார எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் இரண்டு ஃபோன் பேசி முடித்தார்.

“நம்ம கம்பெனியில கடின இறக்கமே கிடையாதும்மா. இருந்தா வெளியில பலகையில பூஜ்யம் போடணும். நாலாயிரத்துச் சொச்சம் நாள்! எத்தனை பேரோட உழைப்பு! அதையெல்லாம் உங்க ஒரு முதுகுக்காக அழிக்கச் சொல்றீங்களா? நான் சுயநலம்னு சொல்ல மாட்டேன். நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

“விமானத்துக்குள்ள மெஷின் இருக்குமே சார். எவ்வளவு வேகமா மோதிச்சுன்னு அதுல பதிவாகுமே.”

“தாராளமா பாருங்க. எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது.”

பதிவுகளைப் படிக்கும் அதிகாரி நல்ல மனிதர். கணினியைத் திருப்பியே காட்டினார். “இந்தக் கோடு மேல போகுது பாருங்க. அந்த நிமிஷத்துல எல்லாரோட எடையும் மூணு மடங்கு ஆயிருக்கு. ரெண்டரையைத் தாண்டினாலே கடின இறக்கம்.”

“அப்போ நான் சொன்னது சரிதானே சார்?”

“அது எப்படி? பஞ்சு சார் இதுவரைக்கும் ஒண்ணேகாலைத் தாண்டினதே இல்ல. அதனால சென்சார் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி, கழட்டிட்டோம்.”

“புதுசு மாட்டியாச்சா?”

“மாட்டலாம். அதுவும் கெட்டுப்போச்சுன்னா?”

பெரியக்காவின் கணவர் தையல்காரர். கடைவீதியில் ஒற்றை மெஷின் வைத்த கடை. பதினேழு வருடமாக அவளுடைய சீருடையை அவர்தான் தைக்கிறார். கம்பெனி கொடுக்கும் தையலை அவர் மதித்ததே இல்லை. அவள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து திரும்பிய அன்று வாசலிலேயே அவர் கண் அவளுடைய காலுக்குப் போனது.

“பேன்ட் தரையில இழுபடுது. யாரு பிரிச்சா?”

“யாரும் பிரிக்கலைங்க.”

“நான் வச்ச மடிப்பு. ஒரு நூல் கூட இறங்காது. நில்லு.”

டேப்பை எடுத்து அவளைச் சுவரோரம் நிறுத்தினார்.

“நிமிர்ந்து நில்லும்மா.”

“நிமிர்ந்துதாங்க நிக்கறேன்.”

மூன்று முறை அளந்தார். உள்ளே போய்ப் பழைய அளவு நோட்டை எடுத்து வந்து பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, அவளுடைய பேன்ட் நுனியைக் கையில் பிடித்து, மடிப்பை விரலால் தடவினார். “ரெண்டு சென்டிமீட்டர்” என்றார் கடைசியில். “ஆளே ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்க.” அவள் அழுதாள். அவர் அழவில்லை. அவருக்குள் ஒரு உற்சாகம் பிறந்தது. எலும்பைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், டேப்பை எதிர்த்து என்ன சொல்வார்கள்? அன்றைக்கே உட்கார்ந்து, அளவு நோட்டின் நகலோடு ஒரு மனு எழுதினார். இன்ன தேதியில் கடின இறக்கம் நடந்தது என்று மனுவில் ஏழு இடத்தில் எழுதி அடிக்கோடு போட்டார். பெரியக்கா கையெழுத்துப் போட்டாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். பொது மேலாளர், டாக்டர், பஞ்சு.

“கேப்டன் மேலதானே சார் புகாரு. அவரே குழுவுல இருக்காரே?” என்றார் தையல்காரர்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவரை விட யாருக்குத் தெரியும்?” என்றார் பொது மேலாளர். “இருக்கட்டும். இந்த டேப்பை எந்த ஆய்வுக்கூடத்துல சரிபாத்தீங்க? சான்றிதழ் இருக்கா?”

“இது தையல் டேப் சார்.”

“துணியை அளக்கற கருவியால ஊழியரை அளந்திருக்கீங்க. சரி, நாங்களே அளக்கறோம். எங்ககிட்ட ஒளிவு மறைவு கிடையாது.”

உயரம் அளக்கும் கம்பம் வந்தது. கம்பத்தின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் வந்தது. பெரியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். டாக்டர் கம்பத்தின் குறுக்குப் பட்டையை அவள் உச்சந்தலைக்கு இறக்கினார். நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். மூவரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

“நான் சொன்ன அதே அளவு!” தையல்காரர் துள்ளிவிட்டார். “வேலையில சேரும்போது நூத்தி அம்பத்தெட்டு சார்! நோட்டுல இருக்கு!”

“நீங்க சொன்ன அளவு சரிதான். ஒத்துக்கறோம்” என்றார் பொது மேலாளர். பெரியக்கா பல வாரங்களுக்குப் பிறகு மூச்சை முழுதாக இழுத்தாள். அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். “பணிப்பெண்ணுக்குக் குறைஞ்சபட்ச உயரம் நூத்தி அம்பத்தேழு. கடின இறக்கம் நடக்கலை. நடக்காதப்போ உயரம் குறைய முடியாது. குறையலைன்னா நீங்க என்னிக்குமே நூத்தி அம்பத்தாறுதான். அப்போ பதினேழு வருஷமா பொய்யான உயரத்துல வேலை பாத்திருக்கீங்க.”

பஞ்சு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு இவங்க மேல கோபமே இல்ல. ஒரு நாளைக்கு எழுநூறு பேரைத் தூக்கிட்டுப் போறேன். ஒவ்வொருத்தர் எலும்புகிட்டயும் அனுமதி கேட்டுக் கேட்டு இறக்க முடியுமா? இன்னிக்கு முதுகுன்னு வருவாங்க. நாளைக்குக் கழுத்துன்னு வருவாங்க. அப்புறம் நாங்க விமானத்தை ஓட்டறதா, இவங்களைப் பாத்துக்கறதா?”

வேலை போனது. வேலையோடு கம்பெனி ஆஸ்பத்திரி அட்டையும் போனது. முதுகுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தது அங்கேதான்.

அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தபோது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் மொட்டை மெக்கானிக் காத்திருந்தான். கம்பெனியில் எல்லோருக்கும் அவன் மொட்டைதான்.

“அடி உங்களுக்கு மட்டும் இல்ல பெரியக்கா. விமானத்துக்கும் முதுகுலதான்” என்றான். “இறக்கைக்குப் பின்னாடி, மேல்தகட்டுல மடிப்பு விழுந்திருக்கு. கசங்கின சட்டை மாதிரி.”

“இஸ்திரி போட்டாப் போகாதா?” என்றார் தையல்காரர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

“அலுமினியம் அண்ணே. ஒரு தடவை மடிஞ்சா அந்த இடம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். மேல போகும்போது காத்தழுத்தத்துல ஊதும், கீழ வரும்போது சுருங்கும். ஊதி ஊதி ஒரு நாள் பிளந்துடும். நான் பென்சில்ல ஒரு வட்டம் போட்டு வச்சேன். கம்பெனி சொத்துல கிறுக்கினேன்னு மெமோ குடுத்துட்டாங்க. வட்டத்தை அழிச்சு, மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க.”

“என்ன ஸ்டிக்கர்?” என்றாள் பெரியக்கா.

“‘பாதுகாப்பே எங்கள் மூச்சு.’”

ஆறு வாரம் கழித்து, காலைப் பயணம் ஒன்றில், பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், அந்த ஸ்டிக்கர் கிழிந்தது. அதன் அடியிலிருந்த தகடும் கிழிந்தது. ஒரு கதவு அகலத்துக்கு ஆகாயம் தெரிந்தது. முகமூடிகள் இறங்கின. ஒட்டு நாடா போட்டவை இறங்கவில்லை. அந்த வரிசைகளில் இருந்தவர்கள் பக்கத்து வரிசைக்காரர்களின் மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். வால் பக்கம், பெரியக்காவின் பழைய இருக்கையில் இருந்தவள் வேலையில் சேர்ந்து நாலு மாதமான பெண். அவளுக்கு வலது காது நிரந்தரமாகப் போனது. ஓட்டிய இளம் விமானி விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, பூப்போல இறக்கினான். பதினோரு பேரைத் தூக்குப் படுக்கையில் இறக்கினார்கள். இறக்கம் மென்மையாக இருந்ததால் மறுநாள் காலை பலகையில் வழக்கம்போல ஒரு நாள் கூடியது. கை தட்டினார்கள்.

இந்த முறை வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். உடைந்த தகட்டைப் பார்த்த உடனே, “இது பழைய அடி. எப்பவோ பலமா இறக்கியிருக்கீங்க. என்னிக்கு? அது யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார்கள்.

கம்பெனி தன் கோப்புகளையெல்லாம் கவிழ்த்துத் தேடியது. கடின இறக்கம் என்ற சொல் இருந்த காகிதம் மொத்தக் கட்டடத்திலும் ஒன்றே ஒன்றுதான். தையல்காரர் அடிக்கோடு போட்டு, பெரியக்கா கையெழுத்திட்ட மனு.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. பெரியக்காவுக்கு உயரத்தில் தளர்வு அளித்து, மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. தையல்காரர் கடையை மூடிவிட்டு ஓடி வந்தார். சீருடையைப் பிரித்துப் புது அளவுக்கு ஏற்றி மடித்துத் தைத்தார். அவள் கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டாள். அந்த ஒரு மத்தியானம் முழுக்க இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் வேலைக்குப் போனதும் குற்றச்சாட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். கம்பெனியில் இல்லாதவர் மேல் நடவடிக்கை எடுக்க விதி இடம் கொடுக்காது. அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். விமானம் சேதமானது தெரிந்தும் அதைத் தடுத்து நிறுத்தத் தவறிய குற்றம்.

அதே அறை. அதே மூன்று பேர்.

“நான் சொன்னேனே சார்” என்றாள் பெரியக்கா. “மனுவே குடுத்தேனே.”

“மனு முழுக்க உங்க முதுகுதான். விமானத்தோட முதுகைப் பத்தி ஒரு வரி இருக்கா?” பொது மேலாளர் மனுவை விரலால் தட்டினார். “உங்க வலி மட்டும் உங்களுக்குப் பெருசு. ஒரு சின்னப் பொண்ணுக்குக் காது போயிடுச்சு. தெரியுமா?”

அந்தப் பெண்ணுக்கு முகமூடி மாட்டக் கற்றுக்கொடுத்தவள் பெரியக்காதான். அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிகாரியைப் பார்த்துச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது.

“சரி சார். குத்தத்தை ஒத்துக்கறேன்.”

“என்னது?”

“அன்னிக்குக் கடின இறக்கம் நடந்துச்சு. பஞ்சு சார்தான் இறக்கினாரு. எனக்குத் தெரியும். எனக்குத் தண்டனை குடுங்க. ஒண்ணு விடாம எழுதிக்குங்க.”

பஞ்சுவின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. பொது மேலாளர் எழுந்தே விட்டார். “அவசரப்படாதீங்கம்மா! நீங்க நிரபராதியாவும் இருக்கலாம்!”

“இல்ல சார். நான் குத்தவாளிதான்.”

“பதினேழு வருஷ அனுபவம் உங்களுக்கு. இப்படியெல்லாம் பேசலாமா?” என்றார் டாக்டர் கெஞ்சாத குறையாக.

விசாரணையைச் சாப்பாட்டுக்கு ஒத்தி வைத்தார்கள். அந்தச் சாப்பாடு நாலு மணி நேரம் நடந்தது. பெரியக்கா நடைபாதையில், சுவரில் சாய்ந்தபடி நின்றே காத்திருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. திரும்பி வந்தபோது மூவர் முகத்திலும் குளித்து வந்தது போல ஒரு தெளிவு இருந்தது.

பொது மேலாளர் படித்தார். “விமானம் மென்மையாகத் தரை தொட்டது. ஆனால் பின்னிருக்கையில் இருந்த பணிப்பெண், நிர்ணயித்த உயரத்துக்குக் குறைவானவர். எனவே இருக்கைப் பட்டை அவருக்குப் பொருந்தவில்லை. எனவே அவர் மேலே எழும்பி, பலமாக இருக்கையில் விழுந்தார். அந்த மோதல் அவரது முதுகெலும்பு வழியாக விமானத்தின் சட்டத்துக்குப் பரவி, மேல்தகட்டில் மடிப்பை உண்டாக்கியது.” நிமிர்ந்து பார்த்தார். “உங்க முதுகுல அடின்னு நாங்க இப்ப முழுசா ஒத்துக்கறோம்மா.”

பெரியக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “சார், விமானம் அறுபது டன். நான் அம்பத்து நாலு கிலோ.”

“உயரத்துல பொய் சொன்னவங்க எடையில மட்டும் உண்மை சொல்லுவாங்களா?” என்றார் பஞ்சு.

எடை பார்க்கும் கருவி, கண்ணாடிச் சட்டத்தில் அதன் சான்றிதழோடு, வந்தது.

அறிக்கை அறுநூற்று நாற்பது பக்கம். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் அதன் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். இப்படி இனி நடக்காமலிருக்கப் பின்னிருக்கைப் பணியாளர்களுக்கு உட்காருவதில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். விமானத்துக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுத்து, உடைந்த தகட்டையும் அதைச் சுற்றியிருந்த சட்டங்களையும் மாற்றினார்கள். பெரியக்காவை இரண்டாம் முறையாக நீக்கினார்கள். மொட்டையை, வட்டத்தைச் சரியாக அழிக்க முடியாதபடி அழுத்திப் போட்டதற்காக, சாமான் அறைக்கு மாற்றினார்கள். பஞ்சு ‘மெல்ல அமர்தல்’ என்று ஒரு கையேடு எழுதினார்.

கையேடு தயாரானதும் ஒரு சிக்கல் வந்தது. அதில் சொல்லியபடி உட்கார்ந்து காட்ட ஆள் கிடைக்கவில்லை. இளம் பெண்கள் எல்லோரும் தொப்பென்றுதான் உட்கார்ந்தார்கள். அப்போது டாக்டருக்கு ஞாபகம் வந்தது. விசாரணை அறையில் பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்த விதம் அவர் கண்ணிலேயே இருந்தது.

பொது மேலாளரே வீட்டுக்கு வந்தார். “ஒப்பந்த வேலைதான். ஆனா ஆஸ்பத்திரி அட்டை உண்டு” என்றார்.

தையல்காரர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு எழுந்தார். “வெளிய போங்க சார்.”

பெரியக்கா கணவரின் கையைப் பிடித்தாள். மாதக்கணக்கில் ஊசி போடவில்லை. காலையில் படுக்கையிலிருந்து அவளை எழுப்பி நிறுத்த அவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. “அட்டையை எப்ப சார் குடுப்பீங்க?” என்று கேட்டாள்.

பயிற்சிக் கூடத்தில் முப்பது பெண்கள். முன்னால் மேடையில், சுவரில் பொருத்திய ஒரு மடக்கு இருக்கை. பஞ்சு கையில் குச்சியோடு நின்றார். பெரியக்கா இருக்கையைக் கீழே இறக்கினாள். இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். முழங்காலை மடக்கி, அங்குலம் அங்குலமாக, வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று இறங்கினாள். இருக்கையில் சத்தமே வரவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் பஞ்சு. குச்சியால் அவளுடைய இடுப்பைக் காட்டினார். “என்ன ஒரு நிதானம்! முகத்தைப் பாருங்க. நெத்தியில எப்படி வேர்த்திருக்கு! இந்த அளவுக்கு ஈடுபாடு வேணும்.”

பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள்.

“சார், இங்கேருந்து சரியா தெரியலை.”

“அதனால என்ன?” என்றார் பஞ்சு. “பெரியக்கா, எந்திரிங்க. இன்னொரு தடவை.”